மங்கலும் துலக்கமும்



ஒரு விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்வது எளிது. எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது என்னும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. எண்ணெய் குறைந்துவிட்டதா? திரி சிறியதா? கண்ணாடியில் கரி படிந்திருக்கிறதா? அல்லது நாம் காண்பது நம் வீட்டு விளக்கே அன்றி அடுத்த வீட்டு விளக்கின் ஒளிதானா? மருத்துவ விஞ்ஞானத்தில் இந்தக் கேள்வி நம் நாட்டில் இருமுறை பெரிய அளவில் எழுந்தது. முதன்முறை திருவள்ளூர்ப் பகுதி மக்களின் முன்கைத் தோலில் எழுந்தது. இரண்டாம் முறை இரத்த அணுவின் மேற்பரப்பில் எழுந்தது. இரண்டும் வெவ்வேறு கதைகள்போலத் தோன்றும். உண்மையில் ஒரே கதையின் இரண்டு பகுதிகள் என்பது என் எண்ணம்.

முதலில் தோலின் கதையைப் பார்ப்போம். 1890ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி இராபர்ட் கோஹ், காசநோய்க்கு மருந்து என்று சொல்லி டியூபர்குலின் என்ற திரவத்தை உலகுக்கு அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் வேறொரு வகையில் பயன்பட்டது. காசநோய்க் கிருமி உடலில் ஒருமுறை புகுந்தவருக்கு அத்திரவத்தைச் சிறிது தோலில் செலுத்தினால் அந்த இடம் தடித்து எழும். கிருமி புகாதவருக்கு எழாது. 1907இல் வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே இதைச் சோதனை முறையாக்கினார். பின்னர் பிரெஞ்சு மருத்துவர் மாந்தூ, ஊசியால் தோலுக்குள் செலுத்தும் முறையை வகுத்தார். 1930களில் அமெரிக்காவில் புளோரன்ஸ் ஸைபர்ட் என்ற அம்மையார் அத்திரவத்திலிருந்து புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அதுவே பி.பி.டி. எனப்படுவது. இதை முன்கையில் ஊசியால் இட்டு, 48 முதல் 72 மணி நேரம் சென்றபின் தடிப்பை விரலால் தடவி, அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவுகோல் 'ஆம்', 'இல்லை' என்று பேசுவதில்லை. அது 3 என்றும் 9 என்றும் 17 என்றும் எண்களைத்தான் சொல்லும். 'ஆம்', 'இல்லை' என்று சொல்பவர் மனிதர். எந்த எண்ணுக்கு மேல் 'ஆம்' என்பது?

ஆயிரம் பேரின் தடிப்பை அளந்து, எத்தனை பேருக்கு எவ்வளவு என்று வரைபடம் எழுதினால், குளிர் நாடுகள் சிலவற்றில் அது இரண்டு குன்றுகளாகக் காட்சி தரும். இடப்பக்கம் சுழியத்தை ஒட்டி ஒரு குன்று. அவர்கள் கிருமி புகாதவர்கள். வலப்பக்கம் 15, 18 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு குன்று. அவர்கள் கிருமி புகுந்தவர்கள். நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வெப்ப நாடுகளில் பள்ளம் நிரம்பிப்போயிருந்தது. 5, 7, 9 மில்லிமீட்டர் என்று மங்கலான தடிப்புகள் ஏராளம். இவர்கள் யார்? கிருமி சற்றே புகுந்தவர்களா? புகுந்து, உடல் மறந்துபோனவர்களா? அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த கரோல் பால்மர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1940, 1950களில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிகள் பல உள்ளன. அவை காசநோய்க் கிருமியின் உறவினம். ஆனால் பெரும்பாலும் நோய் செய்யாதவை. அவற்றோடு பழகிய உடல், காசநோய்க் கிருமியின் புரதத்தைக் கண்டபோதும் 'இவரை எங்கோ பார்த்த நினைவு' என்பதுபோல் அரைமனத்தோடு தடிக்கிறது. மங்கலான தடிப்பு பெரும்பாலும் பலவீனமான காசநோய் அடையாளம் அன்று, வேறொன்றின் அடையாளம். பக்கத்து வீட்டு விளக்கு!

இதை உறுதி செய்ய அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. ஒரு கையில் காசநோய்க் கிருமியின் புரதம். மற்றொரு கையில் உறவுக் கிருமியின் புரதம். எந்தக் கையில் தடிப்பு பெரிது என்று பார்ப்பது. ஓர் அளவு தனித்து நின்று சொல்ல முடியாததை, இரண்டு அளவுகள் பக்கம் பக்கமாக நின்று சொல்லிவிடும்.

இனித் திருவள்ளூருக்கு வருவோம். அந்நாளில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1997இல். கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளுக்காக இன்று பேசப்படும் இம்மாவட்டம், அன்று பெரும்பாலும் ஏரிப் பாசனத்தை நம்பிய வேளாண் நாடு. காசநோய்த் தடுப்பு ஊசியாகிய பி.சி.ஜி.யை நாம் 1948 முதல் போட்டு வந்தோம். கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அவ்வாண்டே நிறுவப்பட்டது. 1955இல் இராஜாஜி அவர்கள் இந்த ஊசியை வெளிப்படையாக எதிர்த்து எழுதியதும், அரசாங்கம் மறுமொழி கூறியதும் பெரிய விவாதமாயின. ஊசி உண்மையிலேயே காக்கிறதா? இங்கிலாந்தில் பள்ளிச் சிறாரிடையே நடந்த சோதனை, நன்கு காக்கிறது என்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் பால்மர் குழுவினர் நடத்திய சோதனை, காப்பு மிகக் குறைவு என்றது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் கூடி 1968இல் தொடங்கிய பெருஞ்சோதனையே செங்கற்பட்டு பி.சி.ஜி. சோதனை.

அதன் பரிமாணத்தைக் கேளுங்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது, சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாப் போலி ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று மார்பு எக்ஸ்ரே எடுத்தும் சளி சோதித்தும் 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். உலகில் இத்தகைய சோதனைகளில் இதனினும் பெரியவை மிகச் சில.

இத்தனை உழைப்பும் கடைசியில் ஒரு கோட்டின்மீது நின்றது. தடுப்பூசி காக்கிறதா என்று அறிய, ஏற்கெனவே கிருமி புகுந்தவர்களை விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். எனவே டியூபர்குலின் தடிப்பு 0 முதல் 7 மில்லிமீட்டர் வரை உள்ளவர்கள் கிருமி புகாதவர்கள் என்றும், 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவர்கள் கிருமி புகுந்தவர்கள் என்றும் கொண்டார்கள். 8 முதல் 11 வரை உள்ளவர்களை எப்பக்கமும் சேர்க்கவில்லை. அந்த இடைப்பட்டோரை வலிந்து ஒரு பக்கம் தள்ளாமல், 'தெரியவில்லை' என்று தனியே நிறுத்தினார்களே, அதையே நான் இச்சோதனையின் மிக நேர்மையான செயலாகக் கருதுகிறேன். இவ்வாறு வடிகட்டியபின் எக்ஸ்ரேயிலும் பழுதின்றி, கிருமி புகாதவர்கள் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவராய் எஞ்சியவர்கள் 1,09,873 பேர்.

1979இல் முதல் அறிக்கை வெளியாயிற்று. ஏழரை ஆண்டுகளில் பி.சி.ஜி. பெற்றோருக்கும் போலி ஊசி பெற்றோருக்கும் நோயில் வேறுபாடு இல்லை! மருத்துவ உலகம் திகைத்தது. 15 ஆண்டு முடிவு 1999இல் வெளிவந்தபோதும் பெரியவர்களுக்குக் காப்பு இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் சுமார் 27 சதவிகிதம் என்ற சிறு காப்பு தென்பட்டது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வடிவங்கள் வராமல் பி.சி.ஜி. தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளால் தெரிந்ததே. ஆகவே பிறந்த குழந்தைக்கு அதைப் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

காரணம் என்ன? முதலில் எல்லோர் கண்ணும் சென்றது அந்த மங்கலான தடிப்புகளின்மீதுதான். உறவுக் கிருமியின் புரதத்தை மறு கையில் இட்டபோது அப்பகுதியின் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் தடித்தார்கள். பின்னர் அவ்வூர்களின் மண்ணிலும் நீரிலும் வீட்டுத் தூசியிலும் மக்களின் சளியிலும் அத்தகைய கிருமிகள் பிரித்தெடுக்கப்பட்டன. வயலும் ஏரியும் இம்மக்களுக்குச் சிறு வயதிலேயே ஓர் இலேசான பாதுகாப்பைத் தந்திருக்கலாம், அதன்மேல் பி.சி.ஜி. புதிதாக ஒன்றும் சேர்க்க இயலவில்லை என்பது ஒரு கருத்து. முழு விளக்கமும் இதுவே என்று நான் கொள்ளவில்லை. வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆயினும், இகழ்ந்து ஒதுக்கத்தக்க வெறும் 'அரைகுறை' என்று எண்ணியிருந்த மங்கல், ஒரு பெருஞ்சோதனையின் முடிவையே விளக்கும் சாட்சியாக வந்து நின்றது என்பதில் ஐயமில்லை.

இன்னொரு வகை மங்கலும் அங்கே காணப்பட்டது. பி.சி.ஜி. பெற்றோரின் கைகள் இரண்டரை மாதத்தில் சோதித்தபோது பெரிதாகத் தடித்தன. இரண்டரை ஆண்டில் சோதித்தபோது அத்தடிப்பு வெகுவாகக் குன்றியிருந்தது. இது அயல் கிருமியால் வந்த மங்கல் அன்று. துலக்கமாக இருந்தது தேய்ந்து வந்த மங்கல். அளவுகோலுக்கு இரண்டும் 7 மில்லிமீட்டர்தான்!

அப்படியானால் தடிப்பு என்பது எதனால் ஆனது? 1945இல் மெரில் சேஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, டியூபர்குலினுக்குத் தடிக்கும் சீமைப்பெருச்சாளியிடமிருந்து இரத்தத் தெளிநீரை எடுத்து வேறொன்றுக்குக் கொடுத்தார், பயனில்லை. வெள்ளணுக்களைக் கொடுத்தார், பெற்றுக்கொண்ட விலங்கும் தடித்தது. தடிப்பை உண்டாக்குவன அணுக்கள் என்று தெரிந்தது. அவற்றில் தலைமை தாங்குவது டி-அணுக்களில் ஒரு வகை என்பது பிற்கால அறிவு. ஆக, அளவுகோல் தோலின்மீது அளந்தது ஓர் அணுப்படையின் நடமாட்டத்தையே. அணுவையே நேரில் அளக்க முடியுமா என்ற கேள்வி, நம்மைக் கதையின் இரண்டாம் பகுதிக்குக் கொண்டுவருகிறது.

ஓடும் நீரில் அணுக்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி எண்ணலாம் என்று 1934இல் மாண்ட்ரீலில் மோல்டவான் என்பவர் எழுதினார். 1953இல் வாலஸ் கூல்டர் அதற்கு மின்சார வழி ஒன்று கண்டு காப்புரிமை பெற்றார். 1965இல் லாஸ் அலமாஸில் மாக் ஃபுல்வைலர், அணுக்களைத் துளித்துளியாகப் பிரித்து ஒதுக்கும் கருவி செய்தார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்ஸன்பர்க் குழுவினர் 1972க்குள் இதனோடு லேசர் ஒளியையும் ஒளிரும் சாயத்தையும் இணைத்துவிட்டனர். இதுவே ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் கலை.

அது வேலை செய்யும் விதம் இது. ஒவ்வோர் அணுவின் மேலும் பலவகைப் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை எடுத்து, அதன்மீது ஒளிரும் சாயத்தை ஏற்றி, இரத்தத்தோடு கலக்கிறார்கள். பிறகு அணுக்கள் ஒற்றை வரிசையில் லேசர் கதிரைக் கடந்து செல்கின்றன. அந்தப் புரதம் உள்ள அணு ஒளிர்கிறது. ஒளியின் அளவைக் கருவி எண்ணாக எழுதிக்கொள்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள். 1975இல் கோஹ்லரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு விளைவிக்கும் வழியைக் கண்டபின் இக்கலை தழைத்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிஸில் கூடிய விஞ்ஞானிகள், இந்தப் புரதங்களுக்கு சி.டி. என்ற தலைப்பெழுத்தும் ஓர் எண்ணும் இட்டார்கள். டி-அணுக்களுக்குப் பொதுவானது சி.டி. 3. நான் முன்பு சொன்ன தலைமை அணுக்களின் அடையாளம் சி.டி. 4.

கருவி எழுதித் தரும் வரைபடத்தைக் காணும் மாணவர், திருவள்ளூர் வரைபடத்தையே மறுபடி காண்பார். அதே குன்றுகள், அதே பள்ளத்தாக்கு. சில வேளைகளில் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும் அதே மங்கல் கூட்டம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே அளவு 1, 2, 3 என்று ஏறாது. 10, 100, 1,000, 10,000 என்று பெருக்கல் முறையில் ஏறும். ஆகவே படத்தில் இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும் குன்று, அகல் விளக்குக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கக்கூடும்.

மங்கலாக ஒளிரும் அணுவைக் கண்டால் என்ன நினைப்பது? சாயத்தின் குறை முதலில் நினைவுக்கு வர வேண்டும். சாயங்கள் எல்லாம் ஒரே வலிமை உடையன அல்ல. ஃப்ளுவோரஸீன் என்ற பழஞ்சாயம் சுமாரானது. 1982இல் புழக்கத்துக்கு வந்த ஃபைக்கோஎரித்ரின் மிகத் துலக்கமானது. இந்தச் சாயம் சிவப்புக் கடற்பாசி இனங்களிலிருந்து எடுக்கப்படுவது. மண்டபம் கடலோரத்தில் நம் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளுக்கு உறவு. குறைவாக உள்ள புரதத்துக்கு வலிய சாயமும், மிகுதியாக உள்ள புரதத்துக்கு எளிய சாயமும் கொடுப்பது இத்தொழிலின் பாலபாடம். எதிர்ப்பொருள் போதாமல் போயிருக்கலாம்; இரத்தம் வெயிலில் பயணம் செய்து பழசாகியிருக்கலாம். செத்த அணுக்கள் எல்லாச் சாயத்தையும் பற்றிக்கொண்டு பொய்யாக ஒளிரும். ஒரு சாயத்தின் ஒளி அடுத்த சாயத்தின் கண்ணில் கசிந்தும் மங்கல் தோன்றும். இத்தனையும் விலக்கியபின், அப்பொழுதும் மங்கல் நிற்குமாயின், அது அணுவின் உண்மை இயல்பு; அதைப் படித்தறிய வேண்டும்.

அந்த இயல்பு பல வேளைகளில் வியப்பூட்டும். இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற ஒரு வகை உண்டு; அவற்றின் அடையாளம் சி.டி. 56. இரத்தத்தில் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு மங்கல், ஒரு பங்கு துலக்கம். துலக்கமானவை வலியவை என்று எண்ணத் தோன்றும் அல்லவா? கொல்லும் தொழிலில் கைதேர்ந்தவை மங்கலானவையே. துலக்கமானவை முக்கியமாகச் செய்திப் பொருள்களைச் சுரந்து மற்ற அணுக்களை ஏவுகின்றன. இரத்தப் புற்றுநோயிலும் இவ்வாறே. சி.டி. 45 என்ற புரதம் முதிர்ந்த லிம்ஃபோசைட்டுகளில் துலக்கமாக இருக்கும். முதிராத அணுக்களில் மங்கலாக இருக்கும். எலும்பு மச்சையின் வரைபடத்தில் அந்த மங்கல் பகுதியில் கூட்டம் பெருத்திருந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் நம் நாட்டில் மங்கலின் விலையை மிகக் கடுமையாக உணர்த்தியது சி.டி. 4தான். 1984இல் எய்ட்ஸ் கிருமி மனித அணுவுக்குள் புகும் வாயிலே சி.டி. 4 என்று தெரிந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், இந்தியாவிலும் அக்கிருமி நுழைந்துவிட்டது என்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினார்கள். 2004 ஏப்ரல் முதல் நாள் அரசாங்கம் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் ஒன்றாக நம் தாம்பரம் மருத்துவமனை அமைந்தது. 1928இல் காசநோய் மனையாகத் தோன்றிய அதே இடம். மருந்து யாருக்கு முதலில் கொடுப்பது? நோய்க்குறிகள் முற்றாதவருக்கு விதி சொன்னது ஓர் எண்: ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சி.டி. 4 டி-அணுக்கள் 200க்குக் கீழே இருக்க வேண்டும்.

இங்கேதான் மங்கல் குறுக்கிடுகிறது. மோனோசைட் என்ற வேறு வெள்ளணுவின் மேலும் சி.டி. 4 உண்டு, ஆனால் மங்கலாக உண்டு. ஒரு மைக்ரோலிட்டரில் அவை சில நூறு இருக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் என்ன ஆகும்? உண்மையில் 120 உள்ள நோயாளி, தாளில் 300, 400 ஆகிவிடுவார். 'உங்களுக்கு இன்னும் காலம் வரவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அவரை அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்தில் என்ன நேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் துலக்க அளவைக் கொண்டு கோடு போடும் முறையில் இந்த அபாயம் உண்டு. பால்மர் கண்ட மருந்தே இங்கும் மருந்தாயிற்று: இரண்டாம் அளவு. சி.டி. 3, சி.டி. 4 ஆகிய இரண்டுக்கும் இரு நிறச் சாயங்கள் இட்டு, இரண்டிலும் ஒளிர்வதை மட்டும் எண்ணினால் மோனோசைட் தானாகவே விலகிவிடும், அதற்குச் சி.டி. 3 இல்லை. மறு கையில் போட்ட ஊசிக்கும் மறு நிறத்தில் இட்ட சாயத்துக்கும் இருக்கும் உறவை நோக்குங்கள்.

கோடும் நிலையாக நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அதை 350க்கும், 2013இல் 500க்கும் உயர்த்தி, 2015இல் கோட்டையே அழித்துவிட்டது: கிருமி கண்ட அனைவருக்கும் மருந்து. இந்தியா 2017இல் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. நேற்று வரை 'மருந்து வேண்டாதவர்' என்றிருந்தவர் இன்று 'வேண்டியவர்' ஆனார். அவர் இரத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் எண்ணும் வேலை ஒழியவில்லை. எண் 200க்குக் கீழே உள்ளவரை வேறு தொற்றுகளும் தாக்கும் என்பதால், அவர்களைத் தேடிக் காப்பதற்கு அது இன்றும் வேண்டியிருக்கிறது.

இரண்டு கதைகளும் ஒரே கையில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. தோலைத் தடிக்கச் செய்வன சி.டி. 4 டி-அணுக்கள் என்றால், அவை குறைந்துபோன எய்ட்ஸ் நோயாளியின் கையில் டியூபர்குலின் என்ன செய்யும்? காசநோய்க் கிருமி உடலில் இருந்தும், கை மங்கலாகத்தான் தடிக்கும். சிலருக்கு அறவே தடிக்காது. ஆகவே மற்றவர்களுக்கு 10 மில்லிமீட்டர் என்று கொள்ளும் வரம்பை இவர்களுக்கு 5 ஆகக் குறைத்தார்கள். திருவள்ளூரின் ஆரோக்கியமான உழவர் கையில் 6 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலும் ஏரி மண்ணின் நினைவு. தாம்பரத்தில் படுத்திருக்கும் நோயாளியின் கையில் அதே 6 மில்லிமீட்டர் காசநோய்க் கிருமியின் சாட்சி.

பி.சி.ஜி. கிருமியை ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வளர்த்துப் பதப்படுத்தியபோது, அதன் மரபுப் பொருளில் ஒரு துண்டு கழன்று போயிற்று. காசநோய்க் கிருமியில் அத்துண்டு உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளில் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவற்றில் அது இல்லை. அத்துண்டிலிருந்து பிறக்கும் ஈசாட் 6, சி.எஃப்.பி. 10 என்ற இரு புரதங்களைக் கொண்டு செய்த புதிய தோல் ஊசிகள் இந்தியாவிலும் பயனுக்கு வந்துள்ளன. அவற்றை இட்டபின்னும், இரண்டு மூன்று நாள் கழித்து, அளவுகோலைக் குறுக்கே வைத்து மில்லிமீட்டரில்தான் படிக்கிறார்கள். கோடு 5இல் போடப்பட்டிருக்கிறது.